ஹெலனின் பகா எண்

ஆம்பூர்
21.1.2024

அன்புள்ள சங்கீ,

நீயும் பரணியும் பாரதிக்குட்டியும் நலம்தானே? பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஜோலார்பேட்டை வீடு வரைக்கும் வந்தவள், இன்னும் கொஞ்ச தூரம் ரயிலேறி என்னை எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் இருக்கட்டும், பிறகு தீர்த்துக்கொள்கிறேன். இப்போது அதைவிடப் பெரிய சேதி.

எனக்கு ஒரு பகா எண் கிடைத்திருக்கிறது.

போனில் சொன்னால் "அப்படியா!" என்று கேட்டுவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விடுவாய். கடிதம் என்றால் உட்கார்ந்து படிப்பாய், பென்சிலும் எடுப்பாய். எம்.எஸ்ஸி. முடித்த நாளிலிருந்து நமக்குள் கணக்கு என்றால் கடிதம்தானே.

எங்கள் கல்லூரி லேப் உதவியாளர் அப்துல் கஃபார் அண்ணன் வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகள் போனதும் கம்ப்யூட்டர்களை அணைக்காமல் விட்டுவிடுவார். திங்கள் காலை வரை என் நிரல் ஓடும். துறைத்தலைவரும் என் நெறியாளருமான இருதயராஜ் சாரிடம் முதலிலேயே சொல்லி, அவர் சரி என்ற பிறகு செய்ததுதான். ஒன்றரை வருடமாக இப்படித் தேடினோம். ஓர் ஒற்றை எண், அதை இரண்டின் பெரிய அடுக்கு ஒன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டியது. அந்த வடிவம்தான். எண்ணைச் சுருக்கமாகத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். விரித்து எழுதினால் ஒன்றேமுக்கால் லட்சம் இலக்கம் வரும். தாளில் அடித்தால் ஐம்பது பக்கம். அத்தனை நீளத்துக்கும் அதை மீதியில்லாமல் வகுக்க அதையும் ஒன்றையும் விட்டால் வேறு எண் கிடையாது.

சோதனை உனக்குத் தெரிந்ததுதான். எண்ணில் ஒன்றைக் குறைத்துப் பாதியாக்கு. அத்தனை அடுக்குக்கு 3-ஐ உயர்த்து. எண்ணால் வகுத்து மீதியைப் பார். மீதி எண்ணைவிட ஒன்று குறைவாக, அதாவது மைனஸ் ஒன்றாக வந்தால் பகா எண். வந்தது, சங்கீ! கஃபார் அண்ணன் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, "இத்தினி நாளா வராத மைனஸ் ஒண்ணு இன்னிக்கு வந்துட்ச்சா மேடம்?" என்றார்.

இன்னும் இருக்கிறது. இந்த எண் ஒரு ஃபெர்மா எண்ணையும் வகுக்கிறது போலத் தெரிகிறது. 2-ஐ வர்க்கப்படுத்தி, வந்ததை மறுபடி வர்க்கப்படுத்தி, எங்காவது நிறுத்தி ஒன்றைக் கூட்டினால் ஃபெர்மா எண். 5, 17, 257 என்று போகும். எல்லாமே பகா எண்கள் என்று ஃபெர்மா நம்பினார், ஐந்தாவது எண்ணிலேயே பொய்த்தது. அப்படி எழுதிப் பார்க்கவே முடியாத உயரத்தில் உள்ள ஒரு ஃபெர்மா எண்ணை என் எண் மீதியில்லாமல் வகுக்கிறது என்றால், அது என் பிஎச்.டி.யின் கடைசி அத்தியாயம் மட்டுமல்ல, அதன் உயிரே.

அம்மாவிடம் சொன்னேன். ஷூ கம்பெனியிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "அத்த வெச்சி இன்னா பண்ணுவ?" என்றாள். ஒன்றும் பண்ண முடியாது என்றேன். "அப்ப யாரும் எடுத்துகினு போவ மாட்டாங்க, உடு" என்று சொல்லி விளக்கெண்ணெய் கேட்டாள்.

சரிபார்த்துச் சொல். உன் வாயால் கேட்டால்தான் நம்புவேன்.

உன்
ஹெல்லு


கோயம்புத்தூர்
30.1.2024

அன்பு ஹெல்லு,

உன் கடிதத்தை ஹாஸ்டல் படிக்கட்டிலேயே நின்று படித்தேன். எங்கள் லேபில் வேறொரு நிரலில் உன் எண்ணைப் போட்டேன். மைனஸ் ஒன்று. சந்தேகமே இல்லை, பகா எண்தான். வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்டே ஆசிரியர்களைப் பேஜார் பண்ணின நம் ஹெலனுக்கு ஒரு பகா எண்! கட்டிக்கொள்கிறேன்டி.

ஃபெர்மா விஷயத்தை நான் இன்னும் ஓட்டவில்லை. நீ மறுபடி பார். அங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள்.

இங்கே சொல்ல என்ன இருக்கிறது? வேலைக்கு வந்து ஒன்பது வருடமாக அதே ஹாஸ்டல் அறை, அதே சாம்பார். பரணி சரக்கு ரயில் ஓட்டுகிறார்; எப்போது போகிறார், எப்போது வருகிறார் என்று அவருக்கே தெரியாது. பாரதி என் மாமியாரிடம்தான் வளர்கிறாள். போன வாரம் வயதுக்கு வந்தாளாம். எனக்குப் போனில் சொன்னார்கள். "நீ லீவு போட்டு வர வேணாம்மா, ஆயா பாத்துக்குது" என்று அவளே சொன்னாள். அந்த வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை.

உன் சேதி வந்த நாளில் இதை எழுதியிருக்கக் கூடாது. ஒரு கிலோ மக்கன் பேடா வாங்கி நீயே உனக்கு ஊட்டிக்கொள். கணக்கு என் பேரில்.

என்றும் உன்
சங்கீ


ஆம்பூர்
11.2.2024

அன்புள்ள சங்கீ,

முதலில் பாரதிக்கு என் முத்தங்கள். அவளுக்கு ஒரு பாவாடைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ சொன்னது பலித்தது. சறுக்கிவிட்டேன். ஃபெர்மா சோதனைக்கு 2-லிருந்து வர்க்கப்படுத்திக்கொண்டு போக வேண்டும். நான் பகா எண் சோதனையில் மிச்சமிருந்த 3-இன் அடுக்கிலிருந்தே நிரலைத் தொடர விட்டிருக்கிறேன். அப்படித் தொடர்ந்தால் மைனஸ் ஒன்று வராமல் எப்படி இருக்கும்? அது பழைய மைனஸ் ஒன்று. பகா எண் என்பதற்காக ஏற்கெனவே ஒரு முறை கொண்டாடியதையே இரண்டாம் முறையும் கொண்டாடியிருக்கிறேன், முட்டாள்.

2-ஐ வைத்து மூன்று முறை ஓட்டினேன். கடைசிப் படி வரைக்கும் மைனஸ் ஒன்று வரவில்லை. என் எண் எந்த ஃபெர்மா எண்ணையும் வகுக்காது. தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்: வகுக்காது.

ஒரு நாள் முழுக்க வருத்தமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பெருமை எதுவும் இல்லாத சாதாரணப் பகா எண். இருந்துவிட்டுப் போகட்டும்.

இருதயராஜ் சார் எல்லாக் கோப்புகளையும் பென் டிரைவில் கேட்டார். திருத்தாத முதல் வரைவுதான் தயாராக இருந்தது, கொடுத்தேன். திருத்தியதை அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். நெறியாளர் இவ்வளவு ஆர்வம் காட்டுவது இதுதான் முதல் தடவை.

உன்
ஹெல்லு


கோயம்புத்தூர்
2.3.2024

அன்பு ஹெல்லு,

தப்பை நீயே பிடித்தாய் பார், அதுதான் நீ. நானும் 2-ஐ வைத்து ஓட்டிவிட்டேன். வரவில்லை. நீ சொன்னதே சரி.

ஒரு சேதி. உங்கள் கல்லூரித் தாளாளர் பெருமாள் வேலூரில் புதுப் பெண்கள் கல்லூரி திறக்கிறாராமே? முதல்வராக வர விருப்பமா என்று ஆள் விட்டுக் கேட்டிருக்கிறார். தோல் ஏற்றுமதி செய்பவர் கல்லூரியில் என்ன வேலை என்று முதலில் நினைத்தேன். அப்புறம் பாரதியை நினைத்தேன். வேலூரில் இருந்தால் தினமும் ரயிலில் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் அவர்களையே அங்கே அழைத்துக்கொள்ளலாம். இன்னும் எதுவும் முடிவாகவில்லை. அவர் எப்படிப்பட்ட மனுஷர், சொல்லேன்.

உன்
சங்கீ


ஆம்பூர்
14.7.2024

அன்புள்ள சங்கீ,

நான்கு மாதமாக எழுதாததற்கு மன்னித்துவிடு. பெருமாள் எப்படிப்பட்டவர் என்று கேட்டிருந்தாய். இந்தக் கடிதத்திலேயே உனக்குப் பதில் கிடைக்கும்.

என் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டார்கள்.

பெருமாளின் மகன் புகழேந்தி. முப்பது வயசுக்கு மேல் இருக்கும், அப்பாவின் ஷூ கம்பெனியில் ஏற்றுமதி பார்க்கிறான். கல்லூரியை அவன் கையில் கொடுக்க வேண்டுமானால் பெயருக்கு முன்னால் டாக்டர் வேண்டுமாம். அவனும் இருதயராஜ் சாரிடம்தான் பதிவு செய்திருக்கிறான். துறையில் யாரும் அவனை ஒரு நாளும் பார்த்ததில்லை. நேற்று சார் அறைக்குக் கூப்பிட்டார். அவன் உட்கார்ந்திருந்தான். மேசைமேல் கட்டுப் போட்ட ஆய்வேடு. திறந்தேன். மூன்றாம் அத்தியாயம் என்னுடையது. என் வாக்கியங்கள், என் குறியீடுகள், நான் ஒரு இடத்தில் மறந்துபோன கமா உட்பட.

"உங்க பேர நன்றியுரைல போட்டிருக்கேன் மேடம்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் அசிங்கமாக இருந்தது.

"சார், இது நான் கண்டுபிடிச்சது" என்றேன்.

"காலேஜ் கம்ப்யூட்டரு, காலேஜ் கரண்ட்டு. நம்பர் மட்டும் உன்துன்னா எப்படிம்மா? தேடினது மெஷினு."

"நிரல் என்து சார். எந்த வடிவத்துல தேடணும்னு முடிவு பண்ணது நான்."

"உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் டைம் கீது. வேற ஒண்ணு பாத்துக்க. பகா எண்ணுக்கா பஞ்சம்? முடிவே இல்லாம இருக்குதுன்னு நீதான கிளாஸ்ல நிரூபிச்சிக் காட்ற!" என்று சிரித்தார். அவனும் சிரித்தான். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழைய நிரூபணம் அது. இப்படி ஒரு வேலைக்குப் பயன்படும் என்று யார் நினைத்தார்கள்?

இதற்குள் ஒரு கூத்து. அவர்கள் எடுத்தது திருத்தாத வரைவு; திருத்தியதை அதன் பிறகு சார் கேட்கவே இல்லை, நானும் கொடுக்கவில்லை. எண் ஃபெர்மா எண்ணை வகுக்கிறது என்று அதில் பெரிய தேற்றமாகவே இருக்கிறது. ஆய்வேட்டின் தலைப்பே அதுதான். "சார், அது தப்பு, வகுக்காது" என்று சொன்னேன். "உனக்குப் பொறாமை" என்றார்.

தோல் ஊறும் தொட்டிகளைத் தாண்டித்தான் தினமும் பஸ் வருகிறது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அந்த நாற்றம் ஒரு நாளும் உறுத்தியதில்லை. அம்மாவின் புடவையிலும் அதுதானே. நேற்று அந்த அறையில் ஏ.சி.யும் சந்தன வாசனையும் இருந்தது. அங்கேதான் நான் மூக்கைப் பொத்தினேன்.

ஒரு உதவி. ஜனவரியில் நான் எண்ணை உனக்கு அனுப்பியதையும், நீ சரிபார்த்ததையும் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன். உன்னைத் தவிர எனக்குச் சாட்சி கிடையாது.

ஹெலன்


கோயம்புத்தூர்
5.8.2024

அன்பு ஹெல்லு,

படித்து மனசு பதறிப் போனது. அநியாயம். ஆனால் அவசரப்படாதே. உன் பிஎச்.டி. அதே நெறியாளர் கையில் இருக்கிறது. உன் அம்மா வேலை பார்ப்பதும் பெருமாளின் கம்பெனிதான். இப்போது நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் அவர்கள் உன் மேல் பாய்வார்கள், என் மேல் இல்லை.

கொஞ்சம் பொறு. எதை எப்போது செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்னை நம்புகிறாய் அல்லவா?

உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

சங்கீ


ஆம்பூர்
24.11.2024

சங்கீதா,

வெள்ளிக்கிழமை நடந்ததை உனக்கே எழுதுவது விநோதம்தான். நீ மேடையில் இருந்தாய். ஆனால் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

புகழேந்தியின் வாய்மொழித் தேர்வு அறிவிப்பைப் பலகையில் ஒட்டினார்கள். புறத் தேர்வாளர் என்ற இடத்தில் உன் பெயர். அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சே திரும்பி வந்தது. இதற்குத்தான் பொறு என்றாயா, எல்லார் முன்னாலும் கேட்கப் போகிறாயா என்று நினைத்தேன். கஃபார் அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "உங்க தோஸ்த் வர்றாங்களா மேடம்? அப்ப சரி" என்றார். தேர்வன்று காலை நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தேன்.

வாசலில் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள், நீ காரிலிருந்து பார்த்திருப்பாய். புகழேந்தியின் படம், பின்னால் முழுக்க என் எண்ணின் இலக்கங்கள். துணி எங்கே முடிந்ததோ அங்கே வெட்டிவிட்டார்கள். கடைசி இலக்கம் 4. நாலாம் வகுப்புப் பிள்ளை சொல்லும், அது இரண்டால் வகுபடும் என்று. அதன் முன்னால் நின்று எங்கள் துறை ஆசிரியர்கள் எல்லாரும் செல்ஃபி எடுத்தார்கள்.

நீ பெருமாளின் காரில் வந்து இறங்கினாய். பட்டுப்புடவை, கையில் பொக்கே. என்னைப் பார்த்தாய். பார்க்காததுபோல் நடந்தாய்.

அவன் பேசி முடித்தான். யாராவது கேள்வி கேட்கலாம் என்றார்கள். எழுந்தேன்.

"ஃபெர்மா எண்ணை வகுக்குதுன்னு எப்படிப் பாத்தீங்க?"

"ப்ரோக்ராம்ல மைனஸ் ஒண்ணு வந்திச்சி மேடம்."

"எதுலேர்ந்து ஆரம்பிச்சீங்க, ரெண்டா, மூணா?"

அவன் இருதயராஜ் சாரைப் பார்த்தான். சார் உன்னைப் பார்த்தார். நீ மைக்கை இழுத்துக்கொண்டாய்.

"இது ரொம்ப டெக்னிக்கல். இங்க வேணாம். கேண்டிடேட் நல்லாத்தான் பண்ணியிருக்கார்" என்றாய்.

உன் லேபில் 2-ஐ வைத்து நீயே ஓட்டிப் பார்த்திருக்கிறாய். வராது என்று எனக்கு எழுதியவளே நீதான். அதே வாயால் சொன்னாய்.

கைதட்டல் எழுந்தது. யார் இத்தனை பேர் என்று திரும்பிப் பார்த்தேன். கூடம் நிறைய வேண்டும் என்று கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி வந்திருக்கிறார்கள். நாலாவது வரிசையில் என் அம்மா. சூப்பர்வைசர் தட்டினார், அவளும் தட்டினாள். சாயந்தரம் வீட்டுக்கு வந்து சொன்னாள்: "உன்து மாரியே இன்னொரு நம்பர அந்தத் தம்பியும் கண்டுபுட்ச்சிருக்காராம்டி."

அவள் காலுக்கு விளக்கெண்ணெய் எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு பிரியாணி. பெருமாள் உன் இலையில் தன் கையாலேயே துண்டு போட்டார், நீ "போதும் சார், போதும் சார்" என்று சிரித்தாய். அவர் விரல் நெய்யோடு மேடையில் உனக்குப் போர்த்திய பொன்னாடையில் பட்டது. கை கழுவும் தொட்டியில் எலும்பும் எச்சிலும் அடைத்துக்கொண்டு தண்ணீர் மஞ்சளாக மேலேறி நின்றது. அங்கே நின்று வாந்தி எடுத்தேன். நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

இதற்கு என்ன சொல்லப் போகிறாய்?

ஹெலன்


கோயம்புத்தூர்
8.12.2024

ஹெலன்,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். நம்பாவிட்டால் போ.

அவர்கள் என்னைத் தேர்வாளராகப் போட்டது செப்டம்பரில். முதல்வர் வேலையும் அதே நாளில்தான் உறுதியானது. இரண்டும் ஒன்றோடு ஒன்று கட்டி வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உனக்குச் சொல்லலாம் என்று மூன்று தடவை பேனா எடுத்தேன்.

ஒன்பது வருடம், ஹெலன். என் பெண் வளர்ந்ததை நான் போட்டோவில் பார்த்தேன். பரணி ஒரு தடவை ரயில் ஓட்டிக்கொண்டே தூங்கிப் போகப் பார்த்தார், அதை எனக்கு அடுத்த மாதம்தான் சொன்னார். வீட்டில் சொல்ல ஆளில்லை. நான் கையெழுத்துப் போட மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்கள் வேறொருவரைக் கூப்பிட்டிருப்பார்கள், அவர் போட்டிருப்பார். உனக்கு எதுவும் கிடைத்திருக்காது. எனக்கும் வீடு கிடைத்திருக்காது.

ஒரு எண்ணுக்காக இவ்வளவா? நீ கண்டுபிடிப்பதற்கு முன்னாலும் அது பகா எண்தான். நாம் எல்லாரும் செத்த பிறகும் அது பகா எண்தான். அதன்மேல் யார் பெயர் ஒட்டியிருந்தால் அதற்கென்ன? நீ என் கல்லூரிக்கு வா. உன் ஆய்வேட்டை நான் முன்னே நின்று முடித்துக் கொடுக்கிறேன். இருதயராஜ் ஒன்றும் பேச முடியாது.

பழைய ஹெல்லுவாக ஒரு வரி எழுது.

சங்கீ


ஆம்பூர்
2.2.2025

சங்கீதா அவர்களுக்கு,

பரணிக்கு நேர்ந்ததைப் படித்தபோது பயந்துபோனேன். அதில் எனக்கு உங்கள்மேல் கோபமே இல்லை. அவரும் பாரதியும் நன்றாக இருக்க வேண்டும்.

மற்றதற்கு வருகிறேன். நான் வேலையை விட்டுவிட்டேன். விட்டதற்குக் காரணம் புகழேந்தி இல்லை. கஃபார் அண்ணனுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். விடுமுறை நாட்களில் அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரை ஓடவிட்டுக் கல்லூரியின் மின்சாரத்தை வீணாக்கினாராம். அந்த மின்சாரத்தில் வந்த எண்ணுக்கு வாசலில் ஃபிளெக்ஸ். அதை ஓடவிட்டவருக்கு வெளியே போ. அனுமதி கொடுத்தவர் இருதயராஜ் சார்தான் என்று முதல்வர் அறையில் சொன்னேன். "நான் அப்படிச் சொன்னதா ஞாபகம் இல்லியே" என்று சார் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஞாயிறு தோறும் எங்கள் கோயிலில் எனக்கு முன் வரிசையில் உட்காருபவர்.

அம்மாவைத் தையல் பிரிவிலிருந்து பசை ஒட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நானும் கை தட்னனே" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை.

நீங்கள் சொன்னதில் ஒன்று சரி. எண் எனக்குச் சொந்தமில்லை. யார் பெயர் ஒட்டினாலும் அதற்குக் கவலை இல்லை. அதனால் பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதிய மனுவில் திருட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. நிரூபிக்க எனக்குச் சாட்சியும் இல்லை, அது உங்களுக்கே தெரியும்; உங்கள் பழைய கடிதங்களைக் காட்டி ஜெயிக்க எனக்கு மனமும் இல்லை. ஒன்றை மட்டும் எழுதினேன். ஆய்வேட்டின் முதன்மைத் தேற்றம் பொய். அந்த எண் எந்த ஃபெர்மா எண்ணையும் வகுக்காது. 2-லிருந்து தொடங்கும் கணக்கை முழுதாக இணைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். பொய்த் தேற்றத்துக்குப் பட்டம் கொடுக்க முடியாது என்று நம்பும் அளவுக்கு நான் இன்னும் முட்டாளாக இருக்கிறேன்.

ஆலங்காயத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன்.

ஹெலன்


வேலூர்
15.6.2025

அன்பு ஹெல்லு,

எவ்வளவு நாள் ஆகிவிட்டது! ஒரு நல்ல சேதியோடு எழுதுகிறேன். நீயும் இதைப் படித்தால் சமாதானம் ஆவாய்.

உன் மனுவைப் பல்கலைக்கழகம் கருத்துக் கேட்டு என்னிடமே அனுப்பியது. தேர்வாளர் நான்தானே. முதலில் அதை மூடி மேசையில் வைத்துவிட்டேன். பிறகு நன்றாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். உன் கணக்கு முழுக்கச் சரி என்று எழுதினேன். அந்த எண் ஃபெர்மா எண்ணை வகுக்காது என்பதே உண்மை என்று எழுதினேன். ஆய்வேட்டில் "வகுக்காது" என்று இருக்க வேண்டிய இடத்தில் "வகுக்கும்" என்று விழுந்தது தட்டச்சுப் பிழை, திருத்திக்கொள்ள அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். நீ இணைத்திருந்த கணக்கையே திருத்தப் பக்கங்களாகச் சேர்த்து, தலைப்பையும் மாற்றிப் புதிதாகக் கட்டுப் போட்டு வைத்துவிட்டார்கள். புகழேந்திக்கு அடுத்த மாதம் பட்டமளிப்பு.

உனக்கு வேண்டியது எண்ணைப் பற்றிய உண்மைதானே? அது இப்போது ஏட்டில் ஏறிவிட்டது. யாருக்கும் நஷ்டமில்லாமல் முடிந்தது. இதற்கு நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று உனக்குத் தெரியாது.

சத்துவாச்சாரியில் வீடு எடுத்துவிட்டோம். பாரதி இனி என் பக்கத்திலேயே படுப்பாள். பரணி மாற்றல் கேட்டிருக்கிறார். வரும் ஞாயிறு பால் காய்ச்சுகிறோம். அம்மாவை அழைத்துக்கொண்டு வா. நீ எடுத்து வைத்த பாவாடைத் துணி இன்னும் இருக்கிறதா என்று பாரதி கேட்கிறாள். நீ வந்தால்தான் எனக்கு நிறைவு.

என்றும் உன்
சங்கீ


ஆம்பூர்
18.6.2025

சங்கீதா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பள்ளியிலிருந்து வந்து, சோறு வடித்துவிட்டு, இரண்டு முறை படித்தேன். முதல் முறை எனக்குப் புரியவில்லை என்று நினைத்தேன்.

மேடையில் நீங்கள் பொய்யைக் காப்பாற்றினீர்கள். அதை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. வீடு வேண்டும், பிள்ளை வேண்டும், பயந்துவிட்டீர்கள். பொய்யாவது அவர்களுடையதாக இருந்தது. என் வரைவில் இருந்த தவறு, அதை அவர்கள் திருடினார்கள், அவர்களிடமே இருக்கட்டும் என்று இருந்தேன். அது அவர்கள் தொண்டையில் முள்ளாக நிற்கும் என்றும் நினைத்தேன்.

நீங்கள் அந்த முள்ளை எடுத்துவிட்டீர்கள். நான் மூன்று முறை ஓட்டிச் சரிபார்த்த கணக்கை என் மனுவிலிருந்தே கிழித்து அவன் ஆய்வேட்டில் ஒட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். முதலில் எடுத்தது அவர்கள். இரண்டாவது முறை எடுத்துக் கொடுத்தது நீங்கள். அதைச் செய்துவிட்டு எனக்கு நல்ல சேதி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு சொல்லைப் படித்தபோது தட்டில் இருந்த சோற்றை நாய்க்குப் போட்டேன்.

இப்போது அந்த ஆய்வேட்டில் பிழையே கிடையாது. எண் சரி, கணக்கு சரி, தேற்றம் சரி. அட்டையில் இருக்கும் பெயர் ஒன்றுதான் பொய். அதன் கீழே உங்கள் கையெழுத்து.

பால் காய்ச்ச நான் வரமாட்டேன். அம்மாவும் வரமாட்டாள். பாவாடைத் துணியைக் கொரியரில் அனுப்பிவிட்டேன். பாரதி எந்தத் தப்பும் செய்யவில்லை. அவள் தைத்துப் போட்டுக்கொள்ளட்டும்.

கஃபார் அண்ணன் இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். போன வாரம் யாரோ தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைச் சரிசெய்து எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். ஓட ஆரம்பித்திருக்கிறது. என்ன தேடுகிறேன் என்று உங்களுக்கு எழுதப் போவதில்லை.

இதற்குப் பதில் போட வேண்டாம். போட்டால் பிரிக்க மாட்டேன். வந்த கையோடு தபால்காரரிடமே கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
தே. ஹெலன்